அது கிடைச்சா

கடல் தாண்டித் தீவுக்குப் போய், நாற்பத்தேழு பெட்டி நிறையப் பரிசுகளோடு திரும்பி வந்த ஒரே மனிதர் நம் காதுக்காரர்தான். அவர் வந்த விமானம் பாரம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தே தரையிறங்கியது. சரி, நாற்பத்தேழு என்பது கொஞ்சம் தாராளம்தான். இரண்டு பெட்டி, ஒரு தோள்பை, தலையில் ஒரு ஓலைத் தொப்பி. விமானம் சாய்ந்ததற்குக் காற்றும் காரணமாக இருக்கலாம். ஆனால் எதை வாங்கப் போனோம் என்றே தெரியாமல் இரண்டு பெட்டியை நிரப்பியவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்பதில் மட்டும் கலப்படம் கிடையாது.

காதுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். காது மெஷின் விற்கிறவர். வருகிறவர்கள் "டாக்டர்" என்று கூப்பிட்டால், "நான் டாக்டர் இல்லைங்க" என்று திருத்துவார். முதல் தடவை காதில் விழாத மாதிரி இருந்துவிட்டு, இரண்டாவது தடவைதான் திருத்துவார். முன்பு ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். ரேடியோக்கள் ஒவ்வொன்றாகப் பரணுக்குப் போன பிறகு, ஒரு கம்பெனியில் பயிற்சி எடுத்துக்கொண்டு காதுக்கு மாறினார். "ரெண்டும் ஒண்ணுதாங்க. அதுல முள்ளைத் திருப்பணும், இதுல மனுஷனைத் திருப்பணும்" என்பார்.

கடை இரண்டே அறை. முன்னறையில் கண்ணாடி மேஜைக்குள், வெல்வெட் துணியின் மேல், மெஷின்கள் மொச்சைக்கொட்டை மாதிரி வரிசையாகப் படுத்திருக்கும். பின்னறை சத்தம் புகாத அறை. சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சு. அதற்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க" என்பார். வயதானவர்கள் பலருக்குச் சும்மா இருக்க மனசு வராது. இந்த மனுஷன் இவ்வளவு பாடுபடுகிறாரே என்று இரக்கப்பட்டு, கேட்காத சத்தத்துக்கும் கையைத் தூக்கிவிடுவார்கள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. எந்த விசையையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்போதும் கை உயர்ந்தால், "ஐயா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை" என்பார்.

கடையில் இப்படி ஊசி விழும் சத்தத்துக்கெல்லாம் காவல் இருக்கிற மனிதர், கடையைப் பூட்டிவிட்டால் ஒரே ஒரு எழுத்தில் குடித்தனம் நடத்துவார். அந்த எழுத்து 'ம்'. அவரிடம் எழுபது வகை 'ம்' இருந்தது. சரி, ஏழு. ஆமாம் என்பதற்கு ஒன்று, அப்புறம் என்பதற்கு ஒன்று, குழம்பில் உப்பு குறைவு என்பதற்கு ஒன்று. இப்படி ஆறு போனால், ஏழாவதுதான் ஆபத்து. அது 'நீ பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை' என்பதற்கான 'ம்'. மற்ற ஆறிலிருந்து அதைப் பிரித்துக் கண்டுபிடிக்கிற மெஷினை எந்தக் கம்பெனியும் இன்னும் செய்யவில்லை.

கடைக்கு நேர் எதிரே, தெருவின் அந்தப் பக்கம், அவருடைய அக்காவின் லாண்டரி. காலையில் கொதிகலன் சூடானதும் கதவு வழியாக ஆவி தெருவுக்கே வரும். உள்ளே கூரைக் கம்பியில் எண் சீட்டு குத்திய துணிகள் வரிசை கட்டித் தொங்கும். கடைசிக் கொக்கியில், ஒரு வருஷமாக யாரும் வாங்கிப் போகாத பூப்போட்ட சட்டை ஒன்று.

அக்காவின் பேச்சில் பொருள்களுக்குப் பெயரே கிடையாது. எல்லாம் 'அது'தான். "அதை எடுத்து அதுல முக்கிட்டு, காஞ்சதும் அதோட வச்சிடு" என்பாள். வேலை செய்கிற இரண்டு பெண்களும் மறுபேச்சில்லாமல் செய்துவிடுவார்கள். ஒரு நாளும் ஒருவர் போர்வை இன்னொருவர் வீட்டுக்குப் போனதில்லை. பெயர் சொன்னால்தான் என்ன என்று யாராவது கேட்டால், "ஒவ்வொண்ணுக்கும் பேர் சொல்லிக்கிட்டிருந்தா ஆவி ஆறிடும்" என்பாள்.

அப்படிப்பட்ட அக்கா, ஒரே ஒரு விஷயத்தை நாள், நேரம், இடம் எல்லாம் போட்டுச் சொன்னாள். "புதன்கிழமை காலைல எட்டு மணிக்கு எனக்குக் கண்புரை ஆபரேஷன். நீ என்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும்." மூன்று வாரத்தில் நான்கு தடவை சொன்னாள். நான்கு தடவையும் தம்பி ஏதோ ஒரு மெஷினைப் பிரித்து வைத்துக்கொண்டு 'ம்' என்றார். நான்கும் ஏழாவது 'ம்'.

புதன்கிழமை அக்கா ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டபோது, "தம்பி வந்துக்கிட்டே இருக்கான்" என்றாள். அதையே மூன்று தடவை சொன்னாள். மத்தியானம் ஒரு கண்ணில் கட்டோடு, தனியாக ஒரு ஆட்டோவில் வந்து தெருவில் இறங்கினாள். கடை வாசலில் நின்றிருந்த காதுக்காரர் பதறிப்போய்க் கேட்டார்:

"ஐயோ, அக்கா! கண்ணுல என்ன?"

அக்கா பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் பதினொரு மாதம், எதற்குமே பதில் சொல்லவில்லை. அவர் லாண்டரி வாசலுக்குப் போய் நின்றால் ஆவியைத் திறந்துவிடுவாள். புஸ்ஸென்ற சத்தத்தில் அவர் சொல்வது அவருக்கே கேட்காது. தம்பி மனைவியிடம் மட்டும் ஒரு வாக்கியம் சொல்லி அனுப்பினாள். "ஊர்க் காதையெல்லாம் திறந்து வைக்கிறான். அவன் காது மட்டும் மூடியே இருக்கு."

இருபதடி அகலத் தெருவைத் தாண்ட முடியாமல் தவித்துக்கொண்டிருந்த மனிதருக்கு, கடல் தாண்ட ஒரு டிக்கெட் வந்தது.

அந்த வருஷம் அதிகமாக மெஷின் விற்றவர்களை, கம்பெனி தன் செலவில் ஐந்து நாள் தீவுக்கு அழைத்துப்போனது. ஆளுக்கு ஒரே டிக்கெட். செய்தி பரவியதும், பேட்டரி வாங்க வருகிறவர்கள்கூட, "எனக்கு ஒண்ணும் பெருசா வேண்டாம்" என்று ஆரம்பித்துப் பெரிதாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்கள். இனி எதையும் 'ம்' என்று விட்டுவிடக் கூடாது என்று அவர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். மெஷின் காதில் சரியாகப் பொருந்துவதற்காகக் காதுக்கு அச்சு எடுக்கிற வேலை கடையில் அவர் மனைவியுடையது. அவள் ஒரு நாள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது? 'மனைவி: ஒன்றும் வேண்டாம்.'"

"நீதானே சொன்னே?"

"சொன்னா? அதை எழுதி வேற வச்சிக்கிட்டீங்களா?"

அவர் அதை அடித்துவிட்டு, 'மனைவி: ஏதாவது' என்று திருத்தி எழுதினார்.

கிளம்புகிற அன்று காலை, மனைவி கடைக்கு மேலே வீட்டில், தெருச் சத்தம் தாங்காமல் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தாள். அவர் பெட்டியோடு தெருவில் நின்று வருகிற ஆட்டோவையெல்லாம் கைகாட்டினார். ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் ஒன்று, தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி சத்தத்தோடு வந்து நின்றது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்து நிமிர்ந்தபோது, எதிர்ப் பக்கம் லாண்டரி வாசலில் அக்கா நின்றிருந்தாள்.

அவரைத்தான் பார்த்தாள். வாயருகில் கையைக் குவித்தாள். கத்தினாள்.

அத்தனை சத்தத்துக்கு நடுவில் அவர் காதில் விழுந்தது இதுதான்: "அது கிடைச்சா... பாத்து... வாங்கிட்டு வா!"

பதினொரு மாதத்துக்கப்புறம் அக்காவின் குரல். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. 'சரிக்கா, கண்டிப்பா வாங்கிட்டு வரேன்' என்று சொல்ல வாயைத் திறந்தார். பழக்கதோஷம், வந்தது 'ம்'. ஆட்டோ கிளம்பிவிட்டது.

விமானம் மேகத்துக்கு மேலே போகும் வரை அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். சிற்றுண்டித் தட்டு வந்தபோதுதான் கை அப்படியே நின்றது.

அது என்றால் எது?

பக்கத்து இருக்கையில் இருந்தவர் வெளியூர்க் கண்ணாடிக் கடைக்காரர். மூக்குக்கண்ணாடியோடு காது மெஷினும் விற்பவர்; தீவில் இருவருக்கும் ஒரே அறை. நம்மவர் முகம் வெளுத்ததைப் பார்த்து, "என்ன காது சார், பயமா?" என்றார்.

காதுக்காரர் கதை முழுவதையும் சொன்னார்.

"இதுக்கு ஏன் சார் கவலை? இறங்கினதும் போன் போட்டு, 'அக்கா, எது?'ன்னு கேட்டுடுங்க."

"எப்படிக் கேப்பேன்? 'அது'ன்னு சொன்னா, முன்னாடியே எப்பவோ எங்கிட்ட சொல்லியிருக்கா. நான் 'ம்'னு சொல்லியிருப்பேன். இப்பப் போய் எதுன்னு கேட்டா, அப்பவும் கேக்கலைன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆகாதா? பதினொரு மாசம் கழிச்சு இப்பத்தான் சார் வாயைத் திறந்திருக்கா. சரியானதை அவ கையில வச்சா பேசுவா. தப்பா வச்சா, ஆயுசுக்கும் ஆவிதான்."

கண்ணாடிக்காரர் யோசித்துப் பார்த்துவிட்டு, தன் தட்டில் இருந்த இனிப்பை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

தீவைப் பற்றி என்ன சொல்ல! கடல் மூன்று நிறத்தில் இருந்தது. மணல், சலித்த மாவு மாதிரி. மரங்கள் எல்லாம் தண்ணீரில் முகம் பார்க்கக் குனிந்து நின்றன. முதல் நாள் கம்பெனிக் கூட்டம். அதில் எல்லோருக்கும் ஒரே மாதிரி பூப்போட்ட சட்டை கொடுத்து, கரையில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். மற்ற நாட்கள் ஊர் சுற்ற. அடியில் கண்ணாடி பதித்த படகில் போனார்கள். காலுக்குக் கீழே நீலத்திலும் மஞ்சளிலும் மீன்கள் ஓட, படகில் இருந்த எல்லோரும் "ஆ" என்றார்கள். காதுக்காரர் மட்டும் குனிந்து, "அது மீனா இருக்குமோ?" என்றார்.

சந்தைக்குப் போனபோது அவர் பட்ட பாடு இருக்கிறதே! கண்ணாடிக்காரர் இரண்டே நிமிஷத்தில் வேலையை முடித்துவிட்டார். படகுப் படம் போட்ட காந்தப் பொம்மை, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுவது, எல்லாம் ஒரே மாதிரி, இருபத்து நான்கு.

"பரிசு வாங்கறதுக்கு அறிவு வேண்டாம் சார். எண்ணிக்கை போதும். ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமா வாங்கினாத்தான் வீட்ல சண்டை."

நம்மவரோ தாளில் எழுதியதையெல்லாம் தோள்பைக்குள் அடக்கிய பிறகும், ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து, உயர்த்திப் பிடித்து, "இது அதுவா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு நின்றார். சின்ன வயதில் அக்கா சங்கைக் காதில் வைத்துக் கடல் கேட்கிறது என்பாளே, அப்படியானால் சங்கு. லாண்டரியில் வேகிறது என்று புலம்புவாளே. அப்படியானால் ஓலை விசிறி. துணி காயப்போடும் கிளிப் பிளாஸ்டிக்கில் வந்தால் ஒரே வெயிலில் உடைகிறது என்று எப்போதோ சொன்னாளே, அல்லது அது வேறு யாராவதா? எதற்கும் இருக்கட்டும், மரத்தில் செதுக்கிய கிளிப் இரண்டு டஜன். வாசனை சோப்பு. ஓலைத் தொப்பி. பாடும் பறவை மாதிரி செய்த மர விசில் ஒன்று, அது எதற்கென்று வாங்கிய பிறகும் அவருக்குப் புரியவில்லை.

ஒரு கடைக்காரப் பெண்ணுக்கு இவர் பாஷை தெரியாது, இவருக்கு அவள் பாஷை தெரியாது. ஆற்றாமையில் இவர், "அதும்மா, அது!" என்று இரண்டு கையையும் விரித்தார். அவள் புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டிவிட்டு உள்ளே போய், உயிரோடு ஒரு கோழியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். இதற்குச் சாட்சி கண்ணாடிக்காரர் ஒருவர்தான். அவரோ நாளுக்கு நாள் கோழியின் எடையைக் கூட்டிக்கொண்டே போகிறார்.

மூன்றாம் நாள் மனைவிக்குப் போன் செய்தார்.

"நீ போய் அக்காகிட்ட நைசாக் கேளேன். நான் கேக்கச் சொன்னேன்னு தெரியக் கூடாது."

மனைவி ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு லாண்டரிக்குப் போனாள். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது.

"கேட்டேங்க. 'அண்ணி, அங்கேருந்து உங்களுக்கு ஏதாவது வரணுமா'ன்னு பொதுவாத்தான் கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'எனக்கா? எனக்கு எதுக்கு?'ன்னாங்க."

"அப்ப ஒண்ணும் வேண்டாமா?"

"உங்ககிட்ட யாருங்க காது மெஷின் வாங்கறாங்க! 'எனக்கு எதுக்கு'ன்னா, கண்டிப்பா வேணும்னு அர்த்தம். அதுவும் ரெண்டு தடவை சொன்னாங்க. ஏதோ பெரிய பொருளா இருக்கும் போல. நல்லாப் பாத்து வாங்கிட்டு வாங்க."

அவர் மறுபடியும் சந்தைக்கு ஓடினார். ஒரு மர முகமூடி, சிப்பி கோத்த விளக்கு, பாய் ஒன்று. கடைசி நாள், கொண்டுபோன பெட்டியும் அங்கே வாங்கிய பெட்டியும் மூட மறுத்தன. கண்ணாடிக்காரர் ஒரு பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தார், இவர் அடுத்ததன்மேல் உட்கார்ந்தார். எதையாவது வெளியே எடுத்தாக வேண்டும். எடுத்த பொருள்தான் 'அது'வாக இருந்துவிட்டால்? ஆகவே தன் சட்டைகளையெல்லாம் அறை துடைக்கிற அம்மாளின் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார். மிஞ்சியது கம்பெனி கொடுத்த பூச்சட்டை ஒன்றுதான். அதை மாட்டிக்கொண்டு, தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஊர் வந்து சேர்ந்தார்.

மறுநாள் காலை ஒரு திட்டம் போட்டார். தன் தொழில் முறைப்படியே போவது. ஒவ்வொரு பொருளாக எடுத்து நீட்ட வேண்டியது. முகத்தைப் பார்க்க வேண்டியது. சரியான சத்தம் வந்தால் கை தானாக உயரும் இல்லையா? அதுபோல, சரியான பொருள் வந்தால் அக்கா முகம் காட்டிக்கொடுத்துவிடும். போட்டுக்கொள்ள வேறு நல்ல சட்டை இல்லை. ராத்திரி அலசிக் காயப்போட்ட பூச்சட்டையையே மறுபடி மாட்டிக்கொண்டு, இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார்.

மனைவி பின்னாலிருந்து, "ஒரேயடியாக் கொட்டிடாதீங்க!" என்றாள்.

லாண்டரியில் அக்கா ஒரு திரைச்சீலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்தாள். கை ஆவி விசைக்குப் போயிற்று, ஆனால் திருகவில்லை. அதுவே நல்ல சகுனம் என்று அவர் சங்கை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"என்ன இது?" என்றாள் அக்கா.

'என்ன இது' என்றால் இது இல்லை. விசிறியை எடுத்தார்.

"காத்தாடி ஓடுதே, பாக்கலை?"

கிளிப்புகளை எடுத்தார். அக்கா ஒன்றை அழுத்திப் பார்த்தாள். அவள் அதை வேலை செய்கிற பெண்ணிடம் கொடுத்து, "இதை அதோட வச்சுப் பாரு" என்றாள். கை உயரவில்லை. சோப்பு, தொப்பி, விசில், பாய், விளக்கு. மேஜை நிறைந்து திரைச்சீலைக்கு இடம் இல்லாமல் போயிற்று. கடைசியாக மர முகமூடி வந்ததும் அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஏண்டா, இங்கே கடை போடப் போறியா?"

பெட்டி காலி. இனி எடுக்க ஒன்றுமில்லை. காதுக்காரர் முகமூடியைக் கையில் பிடித்தபடி நின்றார். பஞ்சு அறையில் உட்காருகிற வயதானவர்கள் ஞாபகம் வந்தது. கேட்காத சத்தத்துக்கு இவ்வளவு நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருந்தது தான்தான் என்று தோன்றியது.

"அக்கா," என்றார். "எது?"

"எது எதுடா?"

"அன்னிக்கி வாசல்ல நின்னு சொன்னியே. 'அது கிடைச்சா பாத்து வாங்கிட்டு வா'ன்னு. எனக்கு எதுன்னு தெரியலைக்கா. முன்னாடி எப்பவோ சொல்லியிருப்பே. நான் கேக்கலை. 'ம்'னு சொன்னேனே தவிர கேக்கலை. ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னதையும் கேக்கலை. நாலு தடவை சொன்னியாம். எனக்கு ஒரு தடவைகூட ஞாபகம் இல்லை. மறந்தேன்னு சொல்லக்கூட முடியாது, கேட்டாத்தானே மறக்கறதுக்கு! இப்ப கேக்கறேன். சொல்லு. எது?"

வேலை செய்கிற பெண்கள் இருவரும் தலை நிமிராமல் காதை மட்டும் நிமிர்த்திக்கொண்டார்கள்.

அக்கா எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள், ஆபரேஷன் செய்த கண்ணை மட்டும். பிறகு கூரைக் கம்பியைப் பார்த்தாள். கடைசிக் கொக்கியைப் பார்த்தாள். தம்பியின் மார்பைப் பார்த்தாள்.

"அதோ," என்றாள். "அது."

கொக்கியில் தொங்கிய பூச்சட்டையை இறக்கினாள். யாரோ ஒரு மனிதர் எந்தத் தீவிலிருந்தோ வாங்கி வந்தது. தேங்காய் ஓட்டில் செய்த பொத்தான். அதில் ஒன்று அக்கா கடை இஸ்திரியில் உடைந்துபோயிற்று. அதே மாதிரி பொத்தான் வைத்தால்தான் ஆச்சு என்று அவர் சட்டையை ஒரு வருஷமாக இங்கேயே விட்டுவைத்து, வாரம் ஒரு தடவை வந்து பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போகிறார். அக்கா கத்தரியை எடுத்தாள். தம்பியின் பூச்சட்டையிலும் அதே தேங்காய் ஓட்டுப் பொத்தான்; நடுமார்பில் இருந்ததைப் பிடித்து இழுத்து, ஒரே வெட்டு.

"உள் மடிப்புல உபரிப் பொத்தான் ஒண்ணு இருக்கும்க்கா! அதை எடுத்துக்கக் கூடாதா?"

"எனக்கா சொல்லித் தரே? அது உன் சட்டைக்கு வேணும்ல! இந்தா உக்காரு. தைச்சுத் தரேன்."

பெட்டிமேலேயே உட்கார்ந்தார். அக்கா தைக்கும்போது அந்தப் புதன்கிழமையைச் சொல்ல ஆரம்பித்தாள். பெஞ்ச், நர்ஸ், பச்சைத் திரை, கண்ணில் விட்ட சொட்டு மருந்து எரிந்த எரிச்சல், ஆட்டோவில் சில்லறை தடவிய கதை. எல்லாவற்றுக்கும் பெயர் சொன்னாள், ஆவி ஆறட்டும் என்று. மத்தியானம் வரை சொன்னாள். அவர் ஒரு 'ம்' கூடச் சொல்லவில்லை.

"கேட்டியா?" என்றாள் முடிவில்.

"கேட்டேன்."

"என்ன சொன்னேன்?"

அவர் முதலிலிருந்து கடைசி வரை திருப்பிச் சொன்னார். நர்ஸ் மூன்று தடவை கேட்டதை இரண்டு என்று சொல்லிவிட்டார்; அக்கா திருத்தினாள்.

சட்டைக்காரர் மறுநாளே வந்து சட்டையை வாங்கிக்கொண்டு போனார். இன்று சங்கு லாண்டரிக் கதவைக் காற்றில் அடிக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, முகமூடி கொதிகலனுக்கு மேலே முறைத்துக்கொண்டிருக்கிறது. மரக் கிளிப்பைத்தான் அக்கா மெச்சிக்கொள்கிறாள். "அது நல்லா இருக்கு" என்பாள். எது என்று இப்போது தம்பி உடனே கேட்டுவிடுகிறார்.

மூன்று மாதம் கழித்து, கண்ணாடிக்காரர் இந்த ஊர்ப் பக்கம் வந்தார். காதுக்காரர் அவரை நேரே லாண்டரிக்கு அழைத்துப்போனார். இருவர் கையிலும் டீ. அக்கா தேய்த்துக்கொண்டிருந்தாள். மனைவியும் அச்சு எடுத்த கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"இருக்கற பொருளையெல்லாம் தேடினோமே சார், கடைசியில என்னன்னு நினைக்கறீங்க?" என்றார் காதுக்காரர். "பொத்தான்! அக்கா கேட்டது ஒரே ஒரு பொத்தான். நான் அதையே மாருல போட்டுக்கிட்டு வந்து நிக்கறேன்!"

"அடடா! நம்ம கம்பெனிச் சட்டையா?"

"அதே சட்டை. ஆனா இதுல முக்கியமானது வேற சார். அன்னிக்கி தெருவுல என்ன சத்தம்! ஆட்டோ ஒரு பக்கம், லாரி ஒரு பக்கம். வேற ஆளா இருந்தா காதுல ஒண்ணும் விழுந்திருக்காது. எனக்கு? ஒரு எழுத்து தப்பலை. தொழில் காது சார் இது!" என்று தன் காதை ஒரு விரலால் சுண்டிக் காட்டினார்.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"மூணு மாசமா சும்மா இருந்தேன். இதுக்கு மேல முடியாது," என்றாள். "நான் உங்கிட்ட எதையும் கேக்கவே இல்லைடா. 'ஆட்டோ கிடைச்சாச்சா? பாத்துப் போயிட்டு வா'ன்னேன்."